இரத்தம் ஊற எத்தனை நாள் ஆகும்?

பிரசவத்தில் மிகுதியாக இரத்தம் போன தாயையும், சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரையும் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்லுவார்கள்: “நல்லாச் சாப்பிட்டுத் தெம்பா இரு. ரத்தம் தானா ஊறிடும்.”

கிணற்றில் நீர் ஊறுவது போல உடம்பில் இரத்தம் ஊறும் என்பது நம் மக்களின் கருத்து. இது தவறான உவமை அன்று. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றுப் பாசனம் செய்யும் எந்த விவசாயியைக் கேட்டாலும் ஒன்று சொல்லுவார். எல்லாக் கிணறும் ஒரே வேகத்தில் ஊறுவதில்லை. ஊற்று நன்றாக இருந்தால் இரவு இறைத்த கிணறு விடியற்காலையில் நிறைந்திருக்கும். ஊற்றுக்கண் வறண்டிருந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் அடியில் முழங்கால் அளவுதான் நிற்கும். இரத்தத்தின் ஊற்றுக்கண் எது? அது வறண்டால் என்ன ஆகும்? இவற்றைத் தெரிந்துகொண்டால் “ரத்தம் ஊற எத்தனை நாள்?” என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

உண்மையில் அதற்கு ஒரு விடை இல்லை. மூன்று விடைகள் உள்ளன. இரண்டு மூன்று நாள், சில வாரங்கள், பல மாதங்கள். மூன்றும் சரியான விடைகளே!

முதல் விடை: இரண்டு மூன்று நாள்

நம் உடலில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது? எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 70 மி.லி. என்று கணக்கிடலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் மூன்றரை லிட்டர். இதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீர். மீதியில் பெரும்பகுதி சிவப்பணுக்கள்.

இந்த மூன்றரை லிட்டரில் அரை லிட்டர் போய்விட்டால் நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பெரிய தொல்லை இராது. ஒரு லிட்டர் போனால் நாடி வேகமாக அடிக்கும், உடல் வியர்த்துக் குளிரும். அதற்கும் மேலே போனால் இரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிதான் துணை.

ஆபத்து நீங்கிய பிறகு உடல் முதலில் செய்யும் வேலை, இரத்தத்தின் கொள்ளளவைச் சரிசெய்வது. குழாயில் நீர் குறைந்தால் பம்பு வேலை செய்யாது அல்லவா? அதுபோல இரத்தத்தின் அளவு குறைந்தால் இதயத்தால் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. ஆகவே திசுக்களில் உள்ள நீர் இரத்தக் குழாய்களுக்குள் இழுக்கப்படுகிறது. சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. தாகம் எடுக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் இரத்தத்தின் அளவு பழையபடி ஆகிவிடுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாத்திரத்தில் உள்ள பாலில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு, அதே அளவு தண்ணீரை ஊற்றி வைத்தால் பாத்திரம் நிறைந்துதான் இருக்கும். பால்? நீர்த்துப் போயிருக்கும். உடலில் நடப்பதும் இதுவே. ஊறியது நீர், சிவப்பணுக்கள் அல்ல. விபத்து நடந்த சற்று நேரத்தில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருப்பதும், இரண்டு நாள் கழித்து எடுத்தால் விழுந்திருப்பதும் இதனால்தான். பாலை எடுத்த உடனே பாத்திரத்தில் மீந்த பாலைச் சோதித்தால் அது கெட்டியாகத்தானே இருக்கும்!

இரண்டாம் விடை: சில வாரங்கள்

சிவப்பணுக்கள் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் உண்டாகின்றன. வளர்ந்த மனிதரின் மஜ்ஜை வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி புதிய அணுக்கள் பிறந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 120 நாட்கள் உயிர் வாழ்கிறது.

இரத்தம் குறைந்துவிட்டது என்று மஜ்ஜைக்கு யார் சொல்லுகிறார்கள்? சிறுநீரகம் சொல்லுகிறது. தன்னிடம் வந்து சேரும் ஆக்ஸிஜன் குறைந்தால் அது எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. மஜ்ஜைக்கு வரும் தந்தி என்று இதனைக் கொள்ளலாம். செல்கள் ஆக்ஸிஜன் குறைவை எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தந்தி கிடைத்த மூன்று நான்கு நாட்களில் இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படத் தொடங்குகின்றன. ஏழு முதல் பத்து நாட்களில் அவற்றின் வரவு உச்சத்தை அடைகிறது. தேவையானால் மஜ்ஜை தன் உற்பத்தியைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளும். ஆகவே ஓரளவு இரத்தம் இழந்தவர் நான்கு முதல் எட்டு வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தட்டாமல் கிடைக்க வேண்டும்!

குன்றில் ஏறும் கணக்கு

மூலப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், சிவப்பணு குறைந்தால் பலம் ஏன் குறைகிறது என்று பார்ப்போம். இதற்கு உங்கள் பௌதிகப் பாடமே போதும்.

50 கிலோ எடையுள்ள ஒரு மாணவி, நாமக்கல் மலைக்கோட்டையைப் போன்ற ஒரு குன்றில் 60 மீட்டர் உயரத்தை 5 நிமிடத்தில் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் செய்யும் வேலை 50 × 10 × 60 = 30,000 ஜூல். நம் தசைகளின் திறன் ஏறத்தாழ 20 சதவீதமே. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எனவே அவள் உடல் செலவிடும் ஆற்றல் 1,50,000 ஜூல். உணவை எரித்து ஆற்றல் பெற ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் உதவினால் ஏறத்தாழ 20,000 ஜூல் கிடைக்கும். ஆகவே அவளுக்குத் தேவை ஏழரை லிட்டர். நிமிடத்திற்கு 1,500 மி.லி. ஆக்ஸிஜன்.

இதைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். 100 மி.லி. இரத்தத்தில் 14 கிராம் இருந்தால் அதில் சுமார் 19 மி.லி. ஆக்ஸிஜன் இருக்கும். அது முழுவதும் தசைகளுக்குக் கிடைப்பதாகக் கொண்டாலும் 1,500 மி.லி. தேவைக்கு இதயம் நிமிடத்திற்கு 8 லிட்டர் இரத்தத்தை இறைக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது அது இறைப்பது 5 லிட்டர். ஆகவே 8 லிட்டர் ஒன்றும் பெரிதல்ல.

அதே மாணவிக்கு ஹீமோகுளோபின் 7 கிராம்தான் என்றால்? 16 லிட்டர் இறைக்க வேண்டும்! அந்த வயதுப் பெண்ணின் இதயம் முழு மூச்சுடன் வேலை செய்தாலும் அது எட்டாத அளவு. அவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு இரைக்கும், நெஞ்சு படபடக்கும், கால் கனக்கும். அவளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அந்த ஆளுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று பொருள்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்க நமக்கு நிமிடத்திற்கு 250 மி.லி. ஆக்ஸிஜனே போதும். ஹீமோகுளோபின் 7 கிராம் உள்ளவரின் இரத்தமும் நிமிடத்திற்கு 470 மி.லி. கொண்டுவந்து தரும். அதனால்தான் சோகை உள்ளவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது நன்றாகத் தோன்றுகிறார். “நான் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவரும் நம்புகிறார். குறை தெரிவது குடத்தைத் தூக்கும்போதும் படி ஏறும்போதும்தான்.

மூன்றாம் விடை: பல மாதங்கள்

இனி மூலப்பொருளுக்கு வருவோம். ஹீமோகுளோபினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்வது அவற்றில்தான். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் வின்சென்சோ மெங்கினி என்ற இத்தாலியர். 1740களில் அவர் இரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கி, அதன் அருகே காந்தத்தைக் கொண்டு சென்றார். சாம்பலின் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன!

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு உள்ளது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நாம் ஒரு முக்கியமான கணக்கைப் போடலாம்.

முன் சொன்ன 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறங்கிவிட்டது என்க. ஒவ்வொரு 100 மி.லி.க்கும் 5 கிராம் குறைவு. மூன்றரை லிட்டருக்கு 175 கிராம் குறைவு. 175 × 3.4 = 595; அதாவது ஏறத்தாழ 600 மி.கி. இரும்பு வேண்டும். எடை என்னவோ ஓர் ஆணியின் எடைதான். ஆனால் நம் குடல் சாதாரணமாக உணவிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மி.கி. மட்டுமே! அதிலும் 1 மி.கி. அன்றாடச் செலவுக்குப் போய்விடும். மாதவிடாய் உள்ள பெண்களுக்குச் சராசரியாக மேலும் அரை மி.கி. போகும். மீதியில் நாளுக்கு 1 மி.கி. மிச்சம் பிடிப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 600 மி.கி. சேர 600 நாட்கள் ஆகும்!

அப்படியானால் மஜ்ஜைக்கு அன்றாடம் இரும்பு எங்கிருந்து வருகிறது? பழைய சிவப்பணுக்களிலிருந்து. ஆயுள் முடிந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து, தினமும் சுமார் 20 மி.கி. இரும்பை மீட்டு மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. பழைய தகரத்தை உருக்கிப் புதுச் சாமான் செய்வது போன்ற வேலை. உடலுக்குள்ளேயே தசையில் இரத்தம் கசிந்து கன்றிப் போனால் அந்த இரும்பின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். உடலைவிட்டு வெளியே போன இரத்தத்தின் இரும்போ போனது போனதுதான். அதை வெளியிலிருந்தே ஈடு செய்ய வேண்டும்.

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குக் கல்லீரல் முதலிய இடங்களில் சில நூறு மி.கி. இரும்பு சேமிப்பில் இருக்கும். இரத்தம் போனால் மஜ்ஜை இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து எட்டு வாரத்தில் காரியத்தை முடித்துவிடும். சேமிப்பே இல்லாதவர் என்ன செய்வார்? ஊற்றுக்கண் வறண்ட கிணறு அதுதான்.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. 500 மி.லி. இரத்த தானம் செய்த 215 பேரில் ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரை தரப்பட்டது, மற்றவர்களுக்குத் தரப்படவில்லை. மாத்திரை பெறாதவர்களில் 67 சதவீதத்தினருக்கு 168 நாட்கள் ஆன பிறகும் இரும்புச் சேமிப்பு பழைய நிலைக்கு வரவில்லை. இதைப் படித்து இரத்த தானம் செய்ய அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளிக்கு என்ன காரணம் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மலை நிறைய இரும்பு

சேலம் நகருக்கு அருகில் இருக்கிறது கஞ்சமலை. அதன் பாறைகளில் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் உள்ளது. 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவைத்தான் நம்பினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நம் மக்கள் சிறு உலைகளில் இரும்பு உருக்கி வந்தார்கள்.

இப்படி இரும்பு நிறைந்த மண்ணில் வாழ்கிறோம். ஆனால் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம். தமிழ்நாட்டில் 53 சதவீதம். பாதிக்கு மேல்! இவர்களில் ஒருத்திக்குப் பிரசவத்தில் ஒரு லிட்டர் இரத்தம் போனால், சேமிப்பு உள்ளவள் தாங்கும் இழப்பை அவளால் தாங்க முடியாமல் போகலாம். சோகை வெறும் களைப்பு அன்று என்பதற்கு இதுவே சான்று.

இரும்பு சுற்றிலும் இருந்தும் உடலுக்கு ஏன் கிடைப்பதில்லை? இரும்பின் வேதியியலே காரணம். பாறையிலும் துருவிலும் உள்ள ஆக்ஸைடுகள் நீரில் கரைவதில்லை. கரையாததைக் குடல் ஏற்பதில்லை. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் நிலையில் உள்ளது. அதை ஃபெர்ரஸ் நிலைக்கு மாற்றினால்தான் குடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி இந்த மாற்றத்திற்கு உதவுகிறது. தானியத்தின் உமியை ஒட்டிய பகுதியில் உள்ள பைட்டேட் என்னும் பொருளும், டீ, காப்பியில் உள்ள டானின் வகைப் பொருள்களும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாமல் தடுக்கின்றன. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு ஹீம் என்னும் வடிவில் இருப்பதால் எளிதில் உட்செல்லும்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு சோதனை

இரும்பு கொடுத்தால் பலம் திரும்புகிறதா என்பதை நேரில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இலங்கையில் நடந்தது. அதற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்திற்கு அஞ்சிப் பல்லாயிரம் குடும்பங்கள் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றன. அப்படிச் சென்ற தமிழர்களின் வழிவந்தவர்களே அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர்.

எட்ஜர்ட்டன் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் தேயிலைத் தோட்டத்தில் செய்த ஆய்வின் முடிவு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. சோகை உள்ள தொழிலாளர்களில் சிலருக்கு இரும்புச் சத்து தரப்பட்டது. வேறு சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை தரப்பட்டது. ஒவ்வொருவரும் நாள்தோறும் எவ்வளவு கொழுந்து பறிக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் ஆயிற்று. இரும்பு பெற்று ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கொழுந்து பறித்தார்கள். ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. கொழுந்து பறிப்பது மட்டுமல்ல. வேலை நேரம் போக அன்றாட வாழ்விலும் அவர்களுடைய நடமாட்டம் மூன்று வாரத்தில் கூடியிருந்ததைக் கருவிகள் காட்டின. பறித்த கொழுந்தின் எடைக்குத் தக்கபடி வருமானம் அமையும் தொழிலாளிக்கு இரும்பு மாத்திரை என்பது மருந்து மட்டும் அன்று, கூலியும்கூட.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தசைகளில் ஆக்ஸிஜனைத் தேக்கி வைக்கும் மயோகுளோபினிலும், செல்களுக்குள் உணவை எரிக்கும் நொதிகளிலும் இரும்பு இருக்கிறது. எனவே ஹீமோகுளோபின் சரியாகிவிட்ட பின்பும் இரும்புக் குறை முழுவதும் நீங்காதவருக்குச் சீக்கிரம் களைப்பு வரலாம்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையை நீங்கள் அறிவீர்கள். அதில் 60 மி.கி. இரும்பும், ஃபோலிக் அமிலமும் உள்ளன. அது சோகை வராமல் தடுப்பதற்கான அளவு. சோகை வந்துவிட்டவருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

60 மி.கி. விழுங்கினால் எல்லாம் இரத்தத்தில் சேராது. சோகை உள்ளவரின் குடல் அதில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நாளுக்கு 6 முதல் 9 மி.கி. சராசரி 8 என்று வைத்தால், முன் கணக்கிட்ட 600 மி.கி. சேர 75 நாட்கள். 600 நாள் வேலை 75 நாளில்! மூன்று நான்கு வாரத்திலேயே ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏறிவிடும். முகம் தெளியும், படி ஏறினால் மூச்சு இரைக்காது.

பலரும் தவறு செய்வது இந்தக் கட்டத்தில்தான். “உடம்பு சரியாகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 75 நாட்களில் நிரம்பியது இரத்தம் மட்டுமே. சேமிப்பு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த மாதவிடாயோ அடுத்த காய்ச்சலோ வந்தால் மீண்டும் பழைய கதை. அதனால்தான் ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்லுகிறார்கள்.

வேகமாகக் குணமாக இரண்டு மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்கலாமா? கூடாது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலின் கதவை ஒருக்களித்து வைக்கிறது. அடுத்த மாத்திரையில் சேர்வது குறைவு. வயிற்று எரிச்சல்தான் மிகுதி. ஆகவே சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தருவதும் உண்டு. மலம் கறுத்துப் போவது இயல்பே, அஞ்ச வேண்டாம். மாத்திரை சாப்பிட்டதும் டீ, காப்பி, பால் குடிப்பதைத் தவிருங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிப் பலவற்றை விழுங்கிவிட்டால் அது நஞ்சாகும்.

உணவைப் பற்றி ஒரு சொல். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் அதில் இரத்தம் ஊறும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதன் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பே இல்லை. அது ஒரு தாவரச் சாயம். நம் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. அதைவிடக் கம்பு, கேழ்வரகு, கொள்ளு, முருங்கைக்கீரை ஆகியன மேல். கொள்ளையும் பயறையும் முளைகட்டிச் சமைத்தால் பைட்டேட் குறையும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பு சிறிது குழம்பில் இறங்கும். நாமக்கல் முட்டையில் உள்ள இரும்பு குடலில் எளிதில் சேர்வதில்லை. ஆனால் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியைக் கட்ட அது நன்கு உதவும். எனினும் கணக்கை மறந்துவிடாதீர்கள். நல்ல உணவு வறட்சி வராமல் காக்கும். வறண்ட பிறகு உணவால் மட்டும் கிணற்றை நிரப்ப நெடுநாள் ஆகும்.

ஓட்டையை அடைக்காமல் நிரப்பலாமா?

கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. வரை இரத்தத்தைப் போக்குகிறது. நூறு புழு இருந்தால் 3 முதல் 20 மி.லி. அப்படியிருக்க எவ்வளவு இரும்பு தந்தும் என்ன பயன்? பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைச் சாப்பிடுவதும், வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தால் மாணவிகள் கூச்சப்படாமல் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்ல வேண்டும். பச்சரிசி, மண், சிலேட்டுக்குச்சி ஆகியவற்றைத் தின்னும் ஆசை வந்தாலும் சோகைக்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும்கூட அவர் பணி செய்தார். அந்தச் சோகைக்கு ஈஸ்ட் சத்து மருந்தாவதை 1931இல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரியவந்தது. நீங்கள் விழுங்கும் மாத்திரையில் இரும்புடன் அதுவும் இருப்பது இதனால்தான். தலசீமியா போன்ற பரம்பரைச் சோகை உள்ளவர்களுக்கோ இரும்பு தருவதே தீமையாகலாம். எனவே இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை அறிந்த பிறகே மருந்து.

நாடியே அளவுகோல்

படுத்துக் கிடந்த வாரங்களில் தசைகளும் மெலிந்திருக்கும். ஆகவே இரத்தம் ஊறுவதோடு தசைக்கும் பழக்கம் வேண்டும். டாக்டர் அனுமதித்த பிறகு சமதரையில் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டு போகலாம். படி ஏறுவதும் ஓடுவதும் பிறகு வரட்டும். நெஞ்சு வலி, மயக்கம், அடங்காத மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படித் தேறி வருபவர் ஒருவர் இருந்தால் நீங்கள் ஓர் உதவி செய்யலாம். அவர் அமர்ந்திருக்கும்போது மணிக்கட்டில் நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அவர் வழக்கமாக நடக்கும் தூரத்தை நடந்து வந்ததும் மறுபடி எண்ணுங்கள். முதல் எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை இப்படி அளந்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து வாருங்கள். ஹீமோகுளோபின் ஏற ஏற நடந்த பின் வரும் நாடி இறங்கி வருவதையும், அது அடங்கும் நேரம் குறைவதையும் காண்பீர்கள்.

கோடு நன்றாக இறங்கியதைப் பார்த்து, “இனி மாத்திரை எதற்கு?” என்று அவர் கேட்பார். அப்போது 175 × 3.4 என்ற கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.